யார் ஏசுவாங்க என்ற கட்டம்

எச்சரிக்கை மணி அடித்தால் நானும் ஃபைசாலும் திரையைப் பார்ப்போம். அக்கா கதவைப் பார்ப்பார். ஏசுகிற ஆள் யாராவது படியேறி வருகிறாரா என்று ஒரு பார்வை. வரவில்லை என்று உறுதியான பிறகுதான் திரைக்குத் திரும்புவார். "யாரு ஏசுவாங்க?" என்பதுதான் அவர் வாயிலிருந்து வரும் முதல் வார்த்தை. எது கெட்டது, எங்கே கெட்டது என்பதெல்லாம் அப்புறம் வந்து வரிசையில் நிற்கும்.

நான் அவரை அக்கா என்பேன். அவர் என்னை அண்ணே என்பார். இரண்டு பேருக்கும் நாற்பதைத் தாண்டிவிட்டது. யார் மூத்தவர் என்று பார்க்க ஐசி என்கிற அடையாள அட்டையை எடுத்து மேசைமேல் வைத்திருந்தால் அரை நிமிடத்தில் தீர்ந்திருக்கும். ஆறு வருடம் ஒரே அறையில் உட்கார்ந்தும் இரண்டு பேரும் எடுக்கவில்லை. ஃபைசாலுக்கு அந்தச் சிக்கலே கிடையாது. அவன் மலாய்க்காரப் பையன், எங்களைவிடப் பத்து வயது இளையவன். அக்காவை மலாயில் 'காக்' என்பான், என்னை அண்ணன் என்ற பொருளில் 'பாங்' என்பான், வேலை முடிந்ததும் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விடுவான்.

ஜொகூரில், மாசாயில் ஒரு கடைவரிசையின் மேல்மாடியில் இருந்தது எங்கள் அறை. கீழே ரொட்டி சானாய் கடை. காலை முழுக்க மாவு அடிக்கிற சத்தம் தரை வழியாக மேலே வரும். எங்கள் நிறுவனம் சரக்குக் கிடங்கு நடத்துவது. பாசிர் கூடாங்கில் பெரிய கிடங்கு, உலு திராமில் அலுவலகம், லாயாங் லாயாங்கில் ரயில் பாதைக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கிடங்கு. இந்த மூன்று இடத்திலும் உள்ள கேமரா, கணினி, இணைய லைன் எல்லாம் உயிரோடு இருக்கின்றனவா என்று மேல்மாடியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்பது எங்கள் வேலை. நான் கேமராவுக்கு வயர் இழுக்க வந்தவன். ஏணியிலிருந்து இறங்கி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். என் படிப்பு அவ்வளவுதான். அக்கா அதற்கு முன்னால் மின்னணுத் தொழிற்சாலையில் உற்பத்தி லைனில் நின்றவர்.

ஏச்சில் அவருக்குத் தெரியாத ரகம் கிடையாது. கத்துகிறவர்களைப் பற்றி அவர் கவலைப்பட்டு நான் பார்த்ததில்லை. கத்தி முடித்தால் தொண்டை காய்ந்து, தாங்களாகவே பால் ஊற்றாத தே ஓ குடிக்கப் போய்விடுவார்கள் என்பார். மின்னஞ்சலில் ஏசுகிறவர்களிடம் கொஞ்சம் மரியாதை உண்டு. ஏச்சைப் படிக்க மாட்டார். எத்தனை பேருக்கு நகல் போயிருக்கிறது என்று மட்டும் விரலால் எண்ணுவார். "நாலு பேருக்கு மேல போயிருந்தா அது ஏச்சு இல்லண்ணே, கல்யாணப் பத்திரிக" என்று மூடிவிடுவார். அவர் உண்மையிலேயே பயந்தது சிரிக்கிறவர்களுக்கு. கோலாலம்பூர் தலைமையகத்தில் எங்களுக்கு மேலாளராக இருந்தவர் அப்படிப்பட்டவர். காணொளிக் கூட்டத்தில் எந்நேரமும் முகம் மலர்ந்தே இருக்கும். எல்லாம் நலம்தானே என்று கேட்பார். அவர் கேட்டுவிட்டால் எதுவுமே நலமில்லை என்று பொருள் என்பது அக்காவின் முடிவு.

ஒருமுறை உலு திராமில் ஒரு கல்யாண மண்டபத்தில் அக்கா பந்தி விசாரித்ததைப் பார்த்தேன். வரிசையாகப் பரிமாறிக்கொண்டு போன பிள்ளைகளை நிறுத்தி, நடுவில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியம்மாவின் இலைக்கு முதலில் சாம்பார் ஊற்றச் சொன்னார். முன்வரிசையில் இருந்த மாப்பிள்ளையின் தாய்மாமன் காத்திருந்தார். ஏன் அக்கா என்று கேட்டேன். தாய்மாமன் இன்றைக்கு மட்டும் கோபித்துக்கொள்வார், அந்தப் பெரியம்மா பிறக்கப்போகும் பிள்ளையின் காதுகுத்து வரைக்கும் பேசுவார் என்றார். மண்டபம் முழுக்கப் பசி ஒன்றுதான். ஆனால் அக்காவின் கண்ணுக்கு அது ஏச்சின் அளவுப்படி வரிசையாகத் தெரிந்தது.

எங்கள் அறைக்கு ஆபத்து வந்தது ஒரு கடிதமாக. மூன்று இடத்தையும் மூன்று தனித்தனித் திரையில் பார்ப்பது இனிமேல் செல்லாது, மூன்று மாதத்துக்குள் எல்லாவற்றையும் ஒரே திரைக்குள் கொண்டுவர வேண்டும், மேலாளர் நேரில் வந்து பார்ப்பார், அவருக்குத் திருப்தி இல்லையென்றால் இந்த வேலை முழுவதும் கோலாலம்பூருக்கு மாற்றப்படும் என்று அதில் இருந்தது. கடைசி வரியில் எங்கள் உழைப்புக்கு நன்றி வேறு.

அறை போனால் எனக்கு மறுபடியும் ஏணி. ஃபைசாலுக்கு விடியும் முன்னே சிங்கப்பூர் வேலைக்குப் பாலத்தில் மோட்டார் வரிசை. அக்காவுக்குத் தொழிற்சாலை லைன். "அங்க மட்டும் திரும்பிப் போவ முடியாதுண்ணே" என்றார். "மத்த எடத்துல வேலைக்கு நடுவுல ஏசுவாங்க. அங்க ஏசுறதுக்குன்னே சம்பளம் குடுத்து ஆள் வச்சிருக்காங்க." சொல்லிவிட்டு, கடிதத்தை மடித்து, அது எத்தனை பேருக்கு நகல் போயிருக்கிறது என்று எண்ணினார். ஒன்பது.

ஒரே திரை என்று எழுதுவது எளிது. அதில் இருந்த வில்லங்கத்தை எனக்குப் புரிந்த மட்டும் சொல்கிறேன். ஒவ்வோர் இடத்திலும் கருவிகளுக்குள் ஒரு சின்ன மென்பொருள் உட்கார்ந்து காவல் காக்கும். ஏஜெண்ட் என்பார்கள். காவல்காரரை நம் ஊரில் ஜாகா என்போமே, அதுபோல. எங்கள் மூன்று இடத்துக்கும் மூன்று வெவ்வேறு நிறுவனத்து ஏஜெண்ட். மூன்றுக்கும் குணம் வேறு. பாசிர் கூடாங்கில் இருந்தது ஒரு பயந்தாங்கொள்ளி. காற்றாடி கொஞ்சம் வேகமாகச் சுற்றினாலும் மகா ஆபத்து என்று அலறும். உலு திராமில் இருந்தது பெரிய மரியாதைக்காரன். கணினியே கருகினாலும், நேரம் கிடைக்கும்போது கவனிக்கவும் என்று எழுதும். லாயாங் லாயாங்கில் இருந்தது மலிவு விலைப் பொருள். அதற்கு ஒரே ஒரு வார்த்தைதான் தெரியும். ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை 'இருக்கிறேன்' என்று சொல்லும். செத்துப்போனால் சொல்லாது, அவ்வளவுதான்.

இந்த மூன்று பேச்சையும் வாங்கி, ஒரே பேச்சாக மாற்றி, எங்கள் திரைக்குக் கொடுக்க நடுவில் ஒரு மென்பொருள் வாங்கினார்கள். அதற்குப் பெயர் அடாப்டர். வாங்கி மாட்டினால் தானாக வேலை செய்யும் என்று தலைமையகம் நினைத்தது. மாட்டிய முதல் நாள் ஃபைசால் மூன்றையும் அப்படியே நேராக இணைத்துப் பார்த்தான். ஒரு ஏஜெண்டுக்கு எண் ஒன்று என்றால் மோசம், இன்னொன்றுக்கு எண் ஐந்து என்றால் மோசம். பாசிர் கூடாங்கில் யாரோ ஒரு வயரைப் பிடுங்கியதற்குத் திரை முழுக்கச் சிவப்பு. அதே நேரத்தில் உலு திராம் அலுவலகமே மின்சாரம் இல்லாமல் கிடந்தது. அது இளம்பச்சையாகச் சிரித்தது. ஃபைசால் தலையில் கைவைத்துக்கொண்டு, ஐயோ என்பதுபோல, "அலமாக்" என்றான்.

ஆக, ஒவ்வொரு கருவிக்கும் ஒரு வரி எழுதி, அது என்ன சொன்னால் நமக்கு என்ன நிறம், எவ்வளவு நேரம் பொறுக்கலாம், யாருடைய போனுக்குச் செய்தி போக வேண்டும் என்று அடாப்டருக்கு நாம் சொல்லிக்கொடுக்க வேண்டும். சொல்லிக்கொடுக்கும் முறையைக் காட்ட, விற்ற நிறுவனத்திலிருந்து லிம் என்ற பொறியாளர் இரண்டு நாள் வந்தார். எது எவ்வளவு முக்கியம் என்பதைத் தொழில்நுட்பப்படி முடிவு செய்யுங்கள் என்றார். அக்கா பள்ளிக்கூடப் பிள்ளைகள் எழுதும் கோடு போட்ட நோட்டு ஒன்றை எடுத்து, நான்கு கட்டம் போட்டார். கருவி. எவ்வளவு நேரம் பொறுக்கலாம். என்ன நிறம். நாலாவது கட்டத்தின் தலையில் 'யார் ஏசுவாங்க' என்று எழுதினார். ஃபைசாலுக்காகக் கீழே மலாயிலும் எழுதினார்.

லிம்முக்கு அதைப் படித்துச் சொன்னபோது அவர் சிரித்தார். எந்தப் புத்தகத்திலும் இப்படி ஒரு கட்டம் கிடையாது என்றார். அக்கா அவரைப் பார்த்து, உங்கள் மென்பொருள் நாளைக்குப் படுத்துவிட்டால் முதலில் யாருக்குப் போன் செய்வீர்கள் என்று மலாயில் கேட்டார். லிம் யோசித்து, தன் முதலாளிக்கு என்றார். வாடிக்கையாளருக்கு இல்லையா என்றார் அக்கா. முதலாளிக்கு முதலில் சொல்லாவிட்டால் ஏசுவார் என்று லிம் பாதி வாக்கியத்தில் நிறுத்திக்கொண்டார். இரண்டாம் நாள் புறப்படும்போது அந்த நோட்டைப் பக்கம் பக்கமாகப் போனில் படம் எடுத்துக்கொண்டு போனார்.

மூன்று வாரம் அக்கா அந்த நாலாவது கட்டத்தை நிரப்பினார். ஒவ்வொரு கருவிக்கும் அங்கே வேலை செய்கிற ஆளைக் கூப்பிட்டு, அது நின்றுபோனால் என்ன ஆகும் என்று கேட்பார். என்ன ஆகும் என்பதை எழுத மாட்டார். யார் பெயரைச் சொல்லும்போது அந்த ஆளின் குரல் மாறுகிறதோ அந்தப் பெயரை எழுதுவார். இப்படி வந்த முடிவுகள் விசித்திரமாக இருந்தன. பாசிர் கூடாங் கிடங்கின் முக்கிய லைன் அறுந்தால் வெறும் மஞ்சள். ஏனென்றால் அறுந்த மறுநிமிடம் அங்கிருந்து ஆறு பேர் போன் போட்டுக் கத்துவார்கள், அதற்குத் திரை எதற்கு. ஆனால் உலு திராம் கூட்ட அறைத் தொலைக்காட்சி ஒரு நிமிடம் அணைந்தாலும் ரத்தச் சிவப்பு. அதில்தான் சிரிக்கிற மேலாளர் முகம் காட்டுவார்.

இதைக் கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் திரை அமைதியாகிவிட்டது. ஒரு நாளைக்கு நூறு சிவப்பு வந்த இடத்தில் இரண்டு வந்தது. அந்த இரண்டுக்கும் நாங்கள் ஓடினோம். யாரும் எங்களை ஏசவில்லை. தலைமையகம் அசந்துபோய், மற்ற மாநிலங்களும் இதைப் பின்பற்றலாமே என்று ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. 'பாதிப்பை அடிப்படையாகக் கொண்ட முன்னுரிமை அணுகுமுறை' என்று அதற்குப் பெயர் வைத்திருந்தார்கள். அக்கா அதை இரண்டு தடவை படித்துவிட்டு, இதில் யாரைச் சொல்கிறார்கள் என்று என்னிடம் கேட்டார்.

நோட்டின் கடைசிப் பக்கத்தில் கடைசி வரி லாயாங் லாயாங் ஜாகா அறை. கிடங்கு வாசலில் ஒரு சின்னப் பலகை அறை, அதில் ஓர் இணையப் பெட்டி, ஒரு கேமரா, மாணிக்கம் அங்கிள். அறுபது வயதைத் தாண்டிய மனிதர். பகல் முழுக்க அங்கே தனியாக இருப்பார். லாரி வந்தால் கேட்டைத் திறப்பார். அக்கா அவரையும் கூப்பிட்டுக் கேட்டார். லைன் போனால் யாருக்குச் சொல்வீர்கள்? யாருக்கம்மா சொல்றது, மழை விட்டா தானா வந்துரும் என்று அங்கிள் சொல்லிவிட்டு, நீங்க சாப்டீங்களா என்று கேட்டார். குரல் எங்கேயும் மாறவில்லை. அக்கா நாலாவது கட்டத்தில் ஒரு கோடு இழுத்தார். யாரும் ஏச மாட்டார்கள். பொறுக்கும் நேரம் பன்னிரண்டு மணி நேரம், அதற்குப் பிறகு மஞ்சள். அந்தப் பக்கம் மழைக்கெல்லாம் லைன் போகும் என்பதால் அது எனக்கும் சரியாகத்தான் பட்டது.

அடாப்டர் ஓட ஆரம்பித்த மூன்றாவது வாரம், ஒரு காலை எட்டரை மணிக்கு அங்கே இடி இடித்து மின்சாரம் போனது. அங்கிள் போனை அறையிலேயே வைத்துவிட்டு, அறைக்குப் பின்னால் இருந்த மின்பெட்டியைப் பார்க்கப் போனார். பாசி பிடித்த சிமெண்டில் வழுக்கி விழுந்தார். கணுக்கால் எலும்பில் விரிசல் விட்டுவிட்டது. எழுந்திருக்க முடியவில்லை. தகரக் கூரையின் ஓரத்துக்குத் தவழ்ந்து போய் உட்கார்ந்துகொண்டார். இரண்டரை மணிக்கு ஒரு லாரி வந்து, ஹாரன் அடித்து அடித்துப் பார்த்து, ஓட்டுநர் இறங்கிப் போய்த் தேடுகிற வரைக்கும் அங்கேயேதான் இருந்தார். ஆறு மணி நேரம். மழை அதில் நாலு மணி நேரம்.

ஓட்டுநர் அலுவலகத்துக்குச் சொல்லி, அலுவலகம் எங்களுக்குச் சொன்னபோது நாங்கள் கீழேயிருந்து வாங்கி வந்த ரொட்டி சானாயைச் சாப்பிட்டு முடித்துக் கை கழுவிக்கொண்டிருந்தோம். திரை பச்சையாக இருந்தது. அக்கா அடாப்டரின் பதிவைத் திறந்து பார்த்தார். எழுபத்திரண்டு தடவை. அந்தப் பெட்டி எழுபத்திரண்டு தடவை 'இருக்கிறேன்' என்று சொல்லாமல் விட்டிருந்தது. அடாப்டர் ஒவ்வொன்றையும் ஒழுங்காக எண்ணி, நாங்கள் சொல்லிக்கொடுத்தபடியே பேசாமல் இருந்திருந்தது.

அன்றைக்கு யாரும் ஏசவில்லை. உலு திராம் அலுவலகம் 'தனிநபர் கவனக்குறைவு' என்று ஒரு படிவத்தை நிரப்பியது. தலைமையகம் 'கவனத்தில் கொள்ளப்பட்டது' என்று பதில் போட்டது. அக்கா சாயங்காலம் வரைக்கும் கதவைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

மறுநாள் நானும் அவரும் குளுவாங் மருத்துவமனைக்குப் போனோம். அங்கிள் கட்டுப் போட்ட காலைத் தலையணைமேல் வைத்துக்கொண்டு சாய்ந்திருந்தார். அக்கா வழி நெடுக என்னவெல்லாமோ சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தவர், கட்டில் பக்கத்தில் நின்றதும், தப்பு எங்களுடையதுதான் என்று மட்டும் சொன்னார்.

"என்னம்மா தப்பு? மழ பேஞ்சா லைன் போறது வழக்கந்தான" என்றார் அங்கிள். "இவ்ளோ தூரம் மோட்டார்லயா வந்தீங்க? சாப்டீங்களா?"

அக்கா கொண்டுபோன ஆரஞ்சுப் பழங்களை அடுக்கி வைத்துவிட்டு, பிறகு எடுத்து வேறுமாதிரி அடுக்கி வைத்தார். திரும்பி வரும்போது சிம்பாங் ரெங்காம் பக்கத்தில் மோட்டாருக்கு எண்ணெய் போட நிறுத்தினோம். அங்கேதான் பேசினார்.

"அவருக்கு ஏசத் தெரியலண்ணே."

நல்ல மனுஷர் அக்கா, என்றேன்.

"நல்ல மனுஷருதான். என் நோட்டுல அவருக்கு எடமே இல்லையே."

தொழிற்சாலை லைனில் அவர் பதினோரு வருடம் நின்றதைப் பற்றி அதுவரை வேடிக்கையாகத்தான் சொல்லியிருக்கிறார். அன்றைக்கு வேறொன்று சொன்னார். அவருக்குப் பக்கத்தில் ஒரு பெண் நின்றாளாம். வாயே திறக்காதவள். கெட்டுப்போன மின்சுற்றுப் பலகைகளை எல்லாம் மேற்பார்வையாளர் அவள் தட்டிலேயே போடுவாராம், அவள் ஒன்றும் சொல்ல மாட்டாள் என்று. "நானும் போட்டுருக்கேன்" என்றார். பிறகு தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு மோட்டாரைக் கிளப்பிவிட்டார்.

அடுத்த நாள் காலை அந்தக் கடைசி வரியை மாற்றினார். பொறுக்கும் நேரம் பத்து நிமிடம். இரண்டு தடவை 'இருக்கிறேன்' வராவிட்டால் சிவப்பு. திரையில் இடம், எல்லாவற்றுக்கும் மேலே. செய்தி போக வேண்டிய எண், அவருடைய சொந்தக் கைப்பேசி. நாலாவது கட்டத்தில் இருந்த கோட்டை அடித்துவிட்டு 'நான்' என்று எழுதினார். அங்கே மழை பெய்யும்போதெல்லாம் இது சிவக்குமே என்று ஃபைசால் சொல்லிப் பார்த்தான். சிவக்கட்டும் என்றார். அதுபோலவே சிவந்தது. நாலு வாரத்தில் ஊன்றுகோலோடு வேலைக்குத் திரும்பிய அங்கிளை, வாரத்துக்கு மூன்று நாலு தடவை கூப்பிட்டு, இருக்கீங்களா அங்கிள் என்று கேட்பார். இருக்கேம்மா என்பார் அவர். அந்தப் பெட்டி சொல்லாமல் விட்டதை அக்கா அங்கிளின் வாயால் கேட்டுக்கொள்வார்.

மூன்று மாதம் முடிந்து மேலாளர் வந்தார். அக்கா தரையைத் துடைத்து, தட்டில் குவே பலகாரம் அடுக்கி, திரைக்கு முன்னால் அவருக்கு நல்ல நாற்காலி போட்டிருந்தார். திரை முழுக்கப் பச்சை. மேலாளர் சிரித்துக்கொண்டே குவே ஒன்றை எடுத்துக் கடித்தார். பத்து மணி இருக்கும். மணி அடித்தது. எல்லாவற்றுக்கும் மேலே, திரையின் அகலத்துக்குச் சிவப்பு. லாயாங் லாயாங் ஜாகா அறை.

எதையும் ஒரு மணி நேரத்துக்கு மூடிவைக்க அந்தத் திரையில் ஒரு பொத்தான் உண்டு. ஃபைசாலின் கை சுட்டெலியின் மேலே இருந்தது. அவன் அக்காவைப் பார்த்தான். நான் தமிழில், மெதுவாக, "மூடி வைங்கக்கா. அவரு போனதும் தொறந்துக்கலாம்" என்றேன். அக்கா பழக்க தோஷத்தில் கதவைப் பார்த்தார். கதவில் யாரும் இல்லை. ஏச வேண்டியவர் ஏற்கெனவே உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்து குவே சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

அக்கா போனை எடுத்து அங்கிளைக் கூப்பிட்டார். மணி போய்க்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டார். மேலாளர் புன்னகை மாறாமல், இந்த அறை நின்றால் எந்தத் துறைக்குப் பாதிப்பு என்று கேட்டார். எந்தத் துறைக்கும் இல்லை என்றார் அக்கா. வாடிக்கையாளர் யாராவது புகார் செய்வார்களா? மாட்டார்கள். அப்படியானால் யாருக்காக இது பாசிர் கூடாங்குக்கு மேலே இருக்கிறது? அக்கா மூன்றாவது தடவை எண்ணை அழுத்திக்கொண்டே, அங்கே ஓர் ஆள் இருக்கிறார் என்றார்.

நாலாவது தடவை அங்கிள் எடுத்தார். கேட்டுக்குப் போயிருந்தாராம். மழைக் குளிருக்குத் தண்ணீர் கொதிக்க வைக்கலாம் என்று கெட்டிலைச் செருகியிருக்கிறார். அறையில் இருப்பது ஒரே ஒரு பிளக். இணையப் பெட்டியைக் கழற்றாமல் கெட்டிலைச் செருக வழியில்லை.

அக்கா நினைத்திருந்தால் மின்கோளாறு என்று சொல்லியிருக்கலாம். தண்ணீர் கொதிக்க வைத்தாராம் என்று அப்படியே மொழிபெயர்த்துச் சொன்னார். மேலாளர் வாய்விட்டுச் சிரித்தார். நல்ல பெரிய சிரிப்பு. ஃபைசாலும் சேர்ந்து சிரித்தான், தப்பித்துவிட்டோம் என்று. அக்கா என் பக்கம் திரும்பி, உதடு அசையாமல் சொன்னார்.

"சிரிச்சிட்டாருண்ணே. போச்சு."

பத்து நாளில் கடிதம் வந்தது. எது முக்கியம் எது முக்கியமில்லை என்ற தெளிவு ஜொகூர் அறையிடம் போதுமானதாக இல்லை என்றும், எனவே வேலை கோலாலம்பூருக்கு மாற்றப்படுகிறது என்றும் இருந்தது. பதினான்கு பேருக்கு நகல். அன்று சாயங்காலம் மேசையைக் காலி செய்யும்போது ஃபைசால், ஒரு கெட்டிலுக்கு மூன்று பேர் வேலை என்று மலாயில் சொன்னான். அக்கா அவன் முன்னால் போய் நின்றுகொண்டு, ஏசிவிட்டுப் போ, உனக்கு உரிமை இருக்கிறது என்றார். அவன் அக்காவின் மழைக்கோட்டைக் கொக்கியிலிருந்து எடுத்துக் கையில் கொடுத்துவிட்டுப் படியிறங்கினான். எனக்கும் கோபம் இருந்தது. இல்லை என்று எழுதினால் பொய். மறுபடி ஏணியில் ஏறிய முதல் வாரம், மேலே நின்று வயரைப் பிடித்துக்கொண்டு, அக்காவை மனதுக்குள் நன்றாகத் திட்டியிருக்கிறேன்.

அவரை நான் கடைசியாகப் பார்த்தது அதற்கு இரண்டு வருடம் கழித்து, மாசாயில் ஒரு பள்ளிக்கூடச் சிற்றுண்டிச்சாலையில். கேமரா மாட்டப் போயிருந்தேன். அக்கா தலையில் வலைத்தொப்பி போட்டுக்கொண்டு, பெரிய சட்டியில் மீ என்கிற நூடுல்ஸைப் பிரட்டிக்கொண்டிருந்தார். லைனுக்குத் திரும்பிப் போகவில்லை. எப்படி இருக்கிறது வேலை என்றேன்.

"நூறு பிள்ளைங்க ஏசுதுங்கண்ணே, மீ கொழகொழன்னு இருக்காம்" என்றார். "நியாயமான ஏச்சு."

அடாப்டரைப் பற்றி விசாரித்தேன். கோலாலம்பூர்க்காரர்கள் எங்கள் அமைப்பை வரிக்கு வரி அப்படியே தூக்கிக்கொண்டு போனார்களாம். அதில் எது ஏன் அப்படி இருக்கிறது என்று அங்கே யாருக்கும் புரியவில்லை. புரியாததைத் தொட்டு ஏதாவது ஆகிவிட்டால் ஏச்சு விழும் என்று யாரும் தொடவும் இல்லை. அந்தப் பயத்தை அவரைவிட நன்றாகப் புரிந்துகொண்டவர் யார். அதனால் லாயாங் லாயாங் ஜாகா அறை இன்னும் எல்லாவற்றுக்கும் மேலேயே இருக்கிறது. செய்தி போக வேண்டிய எண்ணும் மாறவில்லை.

சொல்லிக்கொண்டிருக்கும்போதே வெளியே வானம் இருட்டியது. சட்டிக்குப் பக்கத்தில் இருந்த கைப்பேசி இரண்டு தடவை துடித்தது. அக்கா எட்டிப் பார்த்தார். இரண்டு கையிலும் எண்ணெய், அதனால் முழங்கை நுனியால் தட்டி, ஸ்பீக்கரில் போட்டுக் கூப்பிட்டார். மூன்றாவது மணியில் எடுத்தார்கள்.

"அங்கிள், மறுபடியும் கெட்டிலா? நான் அனுப்புன மூணு ஓட்ட பிளக்கு என்னாச்சு?"

"இருக்கும்மா. அதுல ரேடியோ, காத்தாடி, போனு."

அக்கா ஏச ஆரம்பித்தார். ஆறு வருடம் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நான் அவர் ஒருவரை ஏசிக் கேட்டது அன்றைக்குத்தான். தேர்ந்த ஏச்சு. எல்லா ரகத்தையும் வாங்கிப் பார்த்தவர் ஏசுகிற ஏச்சு. பாசியைச் சுரண்டச் சொல்லி எத்தனை நாளாச்சு என்றார், ஊன்றுகோலை மூலையில் சாத்தி வைத்தால் அதுவா நடக்கும் என்றார், மழையில் கேட்டுக்குப் போகும்போது சிலிப்பர் போடக் கூடாது என்று சொன்னது காதில் விழவில்லையா என்றார். வரிசையில் நின்ற பிள்ளைகள் தட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஒரு அடி பின்னால் போனார்கள். மறுமுனையில் அங்கிள் சரிம்மா, சரிம்மா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அக்கா மூச்சு வாங்க நிறுத்தியதும் அவர் சொன்னார்.

"மழ வந்தா நீங்க ஏசுவீங்கன்னு தெரியும்மா. அதான் இப்பல்லாம் எங்க போனாலும் போன சட்டப் பையிலயே வச்சிருக்கேன்."

அக்கா கரண்டியைச் சட்டியிலேயே விட்டுவிட்டு, கையைத் துணியில் துடைத்துக்கொண்டு கைப்பேசியை எடுத்தார். லாயாங் லாயாங் பச்சையாகிவிட்டது என்ற செய்தி வரும்வரை அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். வரிசையில் முதலில் நின்ற பையன், மீ கருகுகிறது என்று அவரை ஏசினான்.